குத்தாலிங்கம் அண்ணாச்சியின் இரங்கல் குறிப்பு

பேப்பர் வந்ததும் நான் முதலில் புரட்டுவது மரண அறிவிப்புப் பக்கத்தை. ஓய்வு பெற்றுத் தென்காசிக்கு வந்து இத்தனை காலமாகியும் இந்தப் பழக்கம் போகவில்லை. "விடிஞ்சதும் விடியாததுமா யாரு போய்ச் சேர்ந்தாவன்னு பாக்குத மனுசன் நீங்க ஒருத்தர்தான்" என்று என் மனைவி காபித் தம்ளரை டொக்கென்று வைப்பாள். அவளிடம் பேசி ஜெயித்தவன் இல்லை நான். வாயை மூடிக்கொண்டு காபியைக் குடிப்பேன்.

சட்டமன்றச் செயலகத்தில் என் வேலையின் பெரும்பகுதி இரங்கல் குறிப்பு எழுதுவது. தட்டச்சராகப் போய்ச் சேர்ந்தேன். கேள்விப் பிரிவில் கொஞ்ச காலம், அச்சுப் பிரிவில் கொஞ்ச காலம் என்று தள்ளித் தள்ளிவிட்டு, கடைசியில் யாரும் விரும்பி வராத அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அதிலேயே நரைத்துப் போனேன்.

இப்போது அந்த நாற்காலியில் இருப்பவள் ரேவதி. போன மாதம் போன் செய்தாள். முன்னாள் உறுப்பினர் யாராவது தவறிவிட்டால், டீ குடித்து முடிப்பதற்குள் போட்டோவோடு வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறதாம். உங்கள் காலத்தில் எப்படி சார் உறுதிப்படுத்துவீர்கள், எழுதிக் கொடுங்கள், ஊழியர் மலரில் போடுகிறோம் என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்து எழுதப் போனால், உறுதிப்படுத்தாமல் போன ஒரு தடவைதான் கையில் வருகிறது. மலரில் போடுவதும் போடாததும் அவள் இஷ்டம்.

வழக்கம் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஒரே ஒரு தடவை உறுப்பினராக இருந்திருந்தாலும் போதும். அவர் இறந்தால், அடுத்து அவை கூடும் நாளில் பேரவைத் தலைவர் அவருடைய பெயரையும் சிறு குறிப்பையும் வாசிப்பார். பிறகு எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். முந்தின கூட்டத்தில் ஒருவர் மேல் ஒருவர் காகிதத்தைக் கிழித்து எறிந்தவர்களும் நிற்பார்கள். நான் பார்த்தவரை அந்த அவையில் எல்லோரும் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் செயலாளர். காவிரிக்கரைக்காரர், மெலிந்த உடம்பு, குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் பேனாவை மூடிவைப்பார், அவ்வளவுதான். அந்த மூடி விழும் சத்தத்துக்கு எங்கள் பிரிவே நடுங்கும். யாரோ இறந்துவிட்டதாக மாவட்டத்திலிருந்து தகவல் வந்தால் அதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போட மாட்டார். வீட்டுக்குப் போன் போட வேண்டும். வீட்டில் போன் இல்லையென்றால் பக்கத்துக் கடைக்கு, போஸ்ட் ஆபீசுக்கு. போட்டுவிட்டு வந்து நின்றால், "யார்கிட்ட பேசினீங்க?" என்பார். அடுத்து, "என்ன சத்தம் கேட்டுச்சு?" என்பார். அழுகைச் சத்தமோ சங்குச் சத்தமோ கேட்டேன் என்று சொன்னால்தான் தாளைத் தொடுவார். தொலைபேசியில் மனிதர்கள் பொய் சொல்லலாம், பின்னால் கேட்கிற சத்தம் சொல்லாது என்பது அவர் கட்சி.

குறிப்பு எழுதுவதிலும் பிடிவாதம். எந்தத் தொகுதி, எந்தக் காலம், என்ன தொழில், பழக எளியவர், பணியைச் செவ்வனே ஆற்றியவர். இதற்கு மேல் ஒரு சொல் கூடாது. பெரிய மந்திரியாக இருந்தவருக்குக் கூடுதலாக ஒரு வரி சேர்த்து எழுதிக்கொண்டு போனேன் ஒரு தடவை. அடித்துவிட்டு, "செத்தவங்களுக்குள்ள சீனியாரிட்டி கிடையாதுய்யா" என்றார். எழுதியதை நின்றுகொண்டு உரக்க வாசிக்கச் சொல்லுவார். நான் வாசிக்கும்போது தானும் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருப்போம். அவர் வேலைக்குச் சேர்ந்தது மேலவை இருந்த காலத்தில். அது கலைக்கப்பட்டபோது மேசையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவர். அதற்கு மட்டும் யாரும் குறிப்பு எழுதவில்லை என்று ஒருநாள் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வெளிமாநிலத்தில் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்த சமயத்தில்தான் அந்தத் தகவல் வந்தது. எங்கள் தென்காசிப் பக்கத்து முன்னாள் உறுப்பினர் குத்தாலிங்கம் காலமானார் என்று போலீஸ் வயர்லெஸ் மூலம் வந்திருந்தது. மறுநாள் அவை கூடுகிறது. குத்தாலிங்கம் ஒரே ஒரு முறை உறுப்பினராக இருந்தவர், கடையத்துக்கு மேற்கே விவசாயி. எனக்கு முகம் தெரியும், பழக்கம் கிடையாது. நான் போனை எடுத்தேன். ஊரில் சீசன் உச்சத்தில் இருந்தது. குற்றாலத்தில் சாரல் என்றால் கடையம் பக்கம் காற்றில் கம்பிகள் அறுந்து கிடக்கும். லைன் போகவே இல்லை.

பொறுப்பில் இருந்த அதிகாரியிடம் போய், வீட்டில் பேச முடியவில்லை, அடுத்த முறைக்குத் தள்ளி வைக்கலாம் என்றேன். மாவட்டமே சொன்ன பிறகு நீ யார் சந்தேகப்பட என்றார் அவர். விட்டுப்போனால் தொகுதிக்காரர்கள் அவமானம் என்று கிளம்புவார்கள் என்றும் சொன்னார். மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டார். மறுநாள் பெயர் வாசிக்கப்பட்டது. அவை எழுந்து நின்றது. அதிகாரிகள் வரிசையில் நானும் நின்றேன்.

இறந்தது வேறொரு குத்தாலிங்கம். அச்சன்புதூர்க்காரர், ஒன்றியத் தலைவராக இருந்தவர். எங்கள் பக்கம் குற்றாலநாதர் பெயர் வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கும். மாவட்டத்தில் யாரோ ஆளை மாற்றிக்கொண்டார்கள். ரேடியோவில் செய்தி வந்ததும் ரோஜா மாலையும் பாடை கட்டப் பச்சை ஓலையுமாகக் கடையத்துக்கு ஜனம் போயிருக்கிறது. கடையத்துக் குத்தாலிங்கம் அண்ணாச்சி பம்புசெட்டைக் கழற்றிப்போட்டு எண்ணெய்க் கையோடு நின்றிருக்கிறார். வந்தவர்களை அவரே வரவேற்று உட்காரச் சொல்லியிருக்கிறார்.

செயலாளர் திரும்பி வந்தார். யாரையும் திட்டவில்லை. பேனாவை மூடிவைத்தார். தவறான தகவலின் பேரில் வாசிக்கப்பட்ட அந்தக் குறிப்பு அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது என்று பேரவைத் தலைவர் அறிவித்து, குத்தாலிங்கம் நீடூழி வாழ வாழ்த்தினார். உறுப்பினர்கள் சிரித்து மேசையைத் தட்டினார்கள். அன்று மாலை செயலாளர் என்னைக் கூப்பிட்டு, நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரச் சொன்னார். இப்போது லைன் சரியாகிவிட்டது, போனிலேயே சொல்லிவிடலாமே என்றேன்.

"போன்ல கேட்காம நடந்த தப்புய்யா இது. அதுக்கு போன்ல மன்னிப்பு கேட்கக் கூடாது."

ரயிலில் தென்காசி வந்து, பஸ் பிடித்துக் கடையம் போய், அங்கிருந்து நடந்து அவர் வீட்டை அடைந்தேன். நல்ல உயரமான மனிதர். நான் யாரென்று சொன்னதும், "வாங்க வாங்க, நம்மள அனுப்பிவச்ச ஆளா?" என்று சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. அவர் மனைவி பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி என்று அவரை நான் கூப்பிட்டதால் இவரை மதினி என்றேன். மன்னிச்சிருங்க மதினி, அவையிலேயே நீக்கிட்டாங்க என்றேன்.

செய்தி வந்த அன்று மதினி செங்கோட்டையில் தங்கை வீட்டில் இருந்திருக்கிறார். யாரோ வந்து சொல்லி, ஒரு வேனில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

"செங்கோட்டையில ஏறுனதுலேருந்து இங்கன எறங்குத வரைக்கும் அழுதுட்டே வந்தேன் தம்பி. வழியிலேயே தாலியக் கையில புடிச்சுக்கிட்டேன். குறிப்ப நீக்கிட்டீய. அந்த அழுகைய யாரு நீக்குவா?"

 தலை குனிந்தேன். அண்ணாச்சிதான், போதும் விடு, பிள்ளை தூரத்திலிருந்து வந்திருக்கு என்று அவரை உள்ளே அனுப்பினார். 

பிறகு, அவையில் என்ன வாசித்தார்கள் என்று அண்ணாச்சி கேட்டார். பையில் நகல் இருந்தது. நீட்டினேன். வாங்கவில்லை, அங்கே வாசித்த மாதிரியே வாசித்துக் காட்டச் சொன்னார். பழக்கதோஷத்தில் எழுந்து நின்று வாசித்தேன். இன்ன தொகுதி, இன்ன காலம், வேளாண் தொழில், பழக எளியவர், செவ்வனே பணியாற்றியவர். உயிரோடு இருக்கிற மனிதர் எதிரே உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, முழுக்கக் கேட்டார்.

"அவ்வளவுதானா?" என்றார்.

அவ்வளவுதான் அண்ணாச்சி, எல்லாருக்கும் அவ்வளவுதான் என்றேன்.  அப்புறம் ஒரு பாலத்தைப் பற்றிச் சொன்னார். அவர் ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு காட்டாறு. மலையில் மழை பெய்தால் பிள்ளைகள் அக்கரையிலேயே நின்றுவிடும். ஒரு ஐப்பசியில் ஒரு பெண்பிள்ளை நிற்காமல் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் இவர் தேர்தலில் நின்றார், அந்தப் பாலம் ஒன்றுக்காக.

உறுப்பினராகிக் கேள்வி எழுதிக் கொடுத்தார். எங்கள் கேள்வி நேரம் எப்படி நடக்கும் என்று ரேவதிக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன். கேள்விகளை வரிசைப்படுத்தி அச்சடிப்பார்கள். முதலில் உள்ள சிலவற்றுக்குத்தான் மந்திரி எழுந்து பதில் சொல்ல நேரம் இருக்கும். மணி ஆனதும் மீதிக் கேள்விகளுக்கான பதில்கள் அவையின் முன் வைக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். கேட்டவர் எழுந்து நிற்கவே வேண்டாம். அண்ணாச்சியின் கேள்வி ஒவ்வொரு தடவையும் வரிசையில் பின்னால் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் புத்தம்புது வேட்டி கட்டிக்கொண்டு போவாராம். பேச வேண்டியதை பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போவாராம். மணி அடித்துவிடும். 'பரிசீலனையில் உள்ளது' என்ற அச்சடித்த பதிலை வாங்கிக்கொண்டு திரும்பி வருவார். அவர் பதவிக்காலம் முடிகிற வரைக்கும் அந்த அவையில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் விடவில்லை. என்ஜினீயர் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்து, பதவி போன பிறகும் உட்கார்ந்து, எப்படியோ பாலம் வந்தது. திறக்கிறபோது வேறொருவர் உறுப்பினர். திறப்புக் கல்லில் அந்தப் புது உறுப்பினர் பெயர்தான் இருக்கிறது. பாலத்துல நடக்குத புள்ளைக்குக் கல்லுல யாரு பேரு இருந்தா என்ன என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை.

கிளம்புகிறேன் என்றேன். விடவில்லை. சாவு வீட்டுக்கு வந்துட்டுக் குளிக்காம போகக் கூடாதுல்லா என்று சொல்லி, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, குற்றாலத்துக்கே கூட்டிப் போய்விட்டார். மெயின் அருவியில் நல்ல தண்ணீர். கூட்டத்துக்குள் புகுந்து, தன் சாவுக்கு வந்த என்னைத் தோளைப் பிடித்து அருவிக்குக் கீழே தள்ளி நிறுத்தி, தானும் பக்கத்தில் நின்றார். வெளியே வந்து தலை துவட்டும்போதுதான் சொன்னார்.

"இருந்தப்ப ஒரு நாளும் நம்மள எந்திரிக்க விடல. செத்துட்டேன்னதும் அத்தன பேரும் எந்திரிச்சு நின்னுருக்காவ. பரவாயில்ல. நெசமாவே போகும்போது அந்தப் பாலத்த மட்டும் ஒரு வரி சேத்து வாசிக்கச் சொல்லுங்க தம்பி."

செயலகத்துக்குத் திரும்பி செயலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவருக்குச் சேர்த்தால் எல்லோருக்கும் சேர்க்க வேண்டும் என்றார். பேனாவை எடுத்தார், வைத்தார். கடைசியில், "பார்க்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவர் ஓய்வு பெற்று, சில காலம் கழித்து இறந்தும் போனார். அவர் உறுப்பினர் இல்லை, அதனால் அவருக்குக் குறிப்பு கிடையாது. அன்றைக்கு என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் மட்டும் எழுந்து நின்றேன். வேறென்ன செய்ய?

அண்ணாச்சியோடு பழக்கம் நின்றுபோகவில்லை. ஊருக்கு வரும்போதெல்லாம் போய்ப் பார்ப்பேன். ஓய்வு பெற்றுத் தென்காசியில் குடியேறிய பிறகு அடிக்கடி பார்த்தேன். உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டால், "என் சாவ சட்டமன்றம் திரும்ப வாங்கிட்டு. அவுக மறுபடி சொல்லாம நான் எங்கன போக முடியும்?" என்பார். மதினி மட்டும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். என்னை அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சாப்பிடாமல் அனுப்பியதில்லை.

போன வருஷம் அவர் மகள் செல்வி போன் செய்தாள். அவள் பேசியது எனக்குச் சரியாக விளங்கவில்லை. பின்னால் கேட்ட சத்தம் விளங்கிவிட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மதினி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். காது மந்தமாகி, கால் மூட்டு பிடித்து, சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார். "அன்னைக்குப் பொய்யா வாசிச்சீய. இப்ப நெசமா வாசிக்கணும் தம்பி. அதக் கேக்காம அவுக போவ மாட்டாவ" என்றார். கண்டிப்பாக வாசிப்பார்கள் மதினி என்றேன். அந்த அவையில் எந்தப் பெயரும் விட்டுப்போனதில்லை, அதனால் துணிந்து சொன்னேன். ரேவதிக்குப் போன் போட்டு விவரம் சொல்லி, பாலத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதி அனுப்பினேன்.

ரேவதியைக் குறை சொல்ல மாட்டேன். அவள் உடனே எழுதி மேலே அனுப்பினாள். ஆனால் மேலே இருக்கிறவர்களுக்குப் பழைய கதை யார் மூலமாகவோ தெரிந்திருக்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டாவது தடவையா, பத்திரிகைக்காரனுக்குத் தெரிந்தால் சிரிப்பாய்ச் சிரிப்பார்களே என்று யோசித்திருக்கிறார்கள். மேற்கொண்டு விசாரிக்கவும் என்று கோப்பில் எழுதி நிறுத்திவைத்துவிட்டார்கள். விசாரிக்க என்ன இருக்கிறது? செத்தவர் செத்தவர்தானே. கூட்டத்தொடருக்கு முந்தின நாள்கூட, கோப்பு இறங்கிவிடும் சார், நம்பிக்கையாக இருங்கள் என்றுதான் ரேவதி சொன்னாள்.

இப்போது அவை நடவடிக்கை டிவியில் வருகிறது. மறுநாள் காலை பஸ் பிடித்துக் கடையம் போனேன். செல்வி டிவியைப் போட்டு, அண்ணாச்சி படத்துக்கு விளக்கு ஏற்றி வைத்திருந்தாள். மதினி நல்ல சேலை கட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் திரையில் ஆட்கள் அசைவது தெரியும், சத்தம் பிடிபடாது. பேரவைத் தலைவர் வாசிக்க ஆரம்பித்தார். ஒரு பெயர், இன்னொரு பெயர், அதே வரிகள், நான் எழுதி எழுதித் தேய்ந்த வரிகள். அடுத்தது அண்ணாச்சி, அடுத்தது அண்ணாச்சி என்று செல்வியின் விரல்கள் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தன. கடைசிப் பெயரும் முடிந்தது. குத்தாலிங்கம் என்ற பெயர் வரவில்லை.

திரையில் எல்லோரும் எழுந்தார்கள். அதைப் பார்த்ததும் மதினி நாற்காலியின் கையைப் பிடித்துத் தானும் எழ ஆரம்பித்தார். மூட்டு விடவில்லை. செல்வி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தாங்கினோம். நிமிர்ந்து நின்றுவிட்டார். கையைக் கூப்பிக்கொண்டார்.

என் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. ரேவதியாகத்தான் இருக்கும். எடுக்கவில்லை. அந்தக் கோப்பு இதை எழுதுகிற இன்றுவரை மேலேதான் இருக்கிறது.

அங்கே எல்லோரும் உட்கார்ந்த பிறகும் மதினி உட்காரவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அவுக பேர வாசிச்சாச்சா தம்பி?"

செல்வி என்னைப் பார்த்தாள். யாரிடம் பேசினீர்கள், என்ன சத்தம் கேட்டது என்று என் காதுக்குள் செயலாளர் கேட்டார். காதால் கேட்காத எதையும் கேட்டேன் என்று என் சர்வீஸில் நான் சொன்னதில்லை.

"வாசிச்சாச்சு மதினி" என்றேன், அவர் காதருகே குனிந்து.

"பாலத்தையும் சொன்னாவளா?"

"சொன்னாவ. மொத வரியே அதுதான்."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். "அப்ப சரி. இனி அவுக போவட்டும்" என்றார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார்.  அழுது முடித்ததும், செல்வியைக் கூப்பிட்டு எனக்கு ஒரு துண்டு எடுத்துக் கொடுக்கச் சொன்னார்.

"குத்தாலத்துல குளிச்சிட்டுப் போங்க தம்பி."

பஸ்ஸில் குற்றாலம் வரை அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். சீசன் இல்லாத மாதம். மெயின் அருவியில் பாறைதான் தெரிந்தது, ஓரமாக ஒரு கை அளவு தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைக் கையில் பிடித்துப் பிடித்துத் தலையில் விட்டுக்கொண்டேன்.